முப்பத்தொன்பதின் வேலை

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் 'மூளை' என்றுதான் கூப்பிடுவோம். பாராட்டி வைத்த பெயர் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் என்ன வேலை சொன்னாலும், "மூளைக்கு ஓய்வு வேணும்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வாளாம். அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், கிண்டலுக்கு வைத்தது. பிற்பாடு அவள் நரம்பியல் படித்து ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்ததும் அந்தப் பெயருக்குத் தானாகவே மரியாதை வந்துவிட்டது. "மூளை ஆராய்ச்சி பண்றதாலயா அப்படிக் கூப்பிடுறீங்க?" என்று விருந்தாளிகள் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவோம். விளக்கினால் காப்பி ஆறிவிடும்.

மூளையை அவள் தொட்டது அபூர்வம். அவள் தொட்டதெல்லாம் மாட்டினுடைய ஒரு சுரப்பி. சிறுநீரகத்துக்கு மேலே, கொழுப்புக்குள் புதைந்து, அமுக்கி வைத்த தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். நறுக்கினால் வெளிப்பக்கம் ஒரு நிறம், உள்பக்கம் ஒரு நிறம். அந்த உள்பக்கம்தான் அவளுக்குச் சோறு போட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுடைய ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வக்கீல்கள் எழுதுவதைவிட இது ஒன்றும் மோசமில்லை என்று உட்கார்ந்தேன். பாதி முடிவதற்குள் எனக்கே விஷயம் புரிய ஆரம்பித்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

சேரும்போது அவளுக்குக் கனவைப் பற்றி ஆராயத்தான் ஆசை. மனிதர்கள் ஏன் கனவு காண்கிறார்கள் என்று நீளமாக ஒரு திட்டம் எழுதிக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஹூம்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். திட்டத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார். "ஹூம்" என்றார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து வாயகன்ற பிளாஸ்க் ஒன்றை எடுத்துக் கொடுத்து, மாட்டிறைச்சிக் கூடத்துக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று சொன்னார்.

"ஐஸ் போட்டுக் கொண்டு வா" என்றார். அந்த வருடம் அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

அன்று மாலை என் மாமியார் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"நரம்பப் பத்திப் படிக்கப் போறேன்னுதானடி சொன்ன?"

"ஆமாம்மா."

"நரம்பு எங்க இருக்கு, கிட்னி எங்க இருக்கு?"

"இந்தச் சுரப்பியில இருக்கிற செல், நரம்பு செல்லுக்கு ஒண்ணுவிட்ட அக்காம்மா. கருவுல ரெண்டு பேரும் ஒரே இடத்துலருந்துதான் கிளம்புறாங்க. தங்கச்சி நரம்பாயிடுறா. அக்கா கிட்னி மேல போய்க் குடித்தனம் வச்சிடுறா."

"அப்ப தங்கச்சியையே பாக்க வேண்டியதுதானே?"

"தங்கச்சி பண்ற வேலையெல்லாம் ரொம்பப் பொடிசு, எங்க கருவிக்குச் சிக்காது. அக்கா நல்லா உருண்டையா, குண்டா இருப்பா. ரெண்டு பேருக்கும் வேலை ஒண்ணுதான். உள்ள சரக்கு தயாராகும். அதைப் பையில அடைப்பாங்க. பை நகர்ந்து நகர்ந்து செல்லோட ஓரத்துக்கு வரும். உத்தரவு வந்ததும் ஓரத்தோட ஒட்டித் திறந்து, சரக்கை வெளிய கொட்டும். அப்படிக் கொட்டுறதாலதான் ஒரு நரம்பு இன்னொரு நரம்போட பேசுது. நீ இப்ப என்னைத் திட்டுறியே, அதுக்கே எத்தனை பை திறக்கணும் தெரியுமா?"

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "அக்காக்காரி என்னத்தக் கொட்டுவா?"

"திடீர்னு பயந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதே, கை ஜில்லுனு ஆகுதே. அதுக்கான சரக்கு."

"நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டு மாமியார் எழுந்து போனார்.

இறைச்சிக் கூடத்தில் அவளுக்கு வாய்த்தவர் ஒரு மேஸ்திரி. முதல் நாள் இரண்டு சிறுநீரகங்களைப் பளிச்சென்று கழுவிக் கொடுத்தார். மறுநாள் ஒரு பிடி கொழுப்பு. அடுத்த நாள் அவளே கையை விட்டுத் தேடி எடுத்துக் காட்டினாள். மேஸ்திரி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இதை எப்படிச் சமைப்பீங்க?"

"சமைக்க இல்லீங்க. ஆராய்ச்சிக்கு."

"சரி, ஆராய்ச்சி முடிஞ்சப்புறம்?"

"தூக்கிப் போட்டுடுவோம்."

அன்றிலிருந்து மேஸ்திரிக்கு அவள் மேல் இருந்த மதிப்பு ஒரு படி குறைந்தது. ஆனாலும் நாள் தவறாமல் எடுத்து வைத்தார். அவள் ஐஸில் புதைத்து, பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவாள். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "ஐஸ்கிரீமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டு இவள் ஆமாம் என்று சொல்ல, அந்த அம்மாள் பையைத் திறந்து, "ரெண்டு குடு" என்றாளாம். இவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே போனாள்.

இப்படியே படிப்பு முடிந்தது, பட்டம் வந்தது, அதே நிலையத்தில் வேலையும் கிடைத்தது. கல்யாணமும் அங்கேதான் கூடிவந்தது. ஆய்வகத்தின் குளிர் அறை ஒரு நாள் நின்றுபோனதில், குளிர்சாதன மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வேலை செய்து முடிக்கும் வரைக்கும் இவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்? உள்ள இருக்கிறது வீணாயிடும்" என்று நச்சரித்திருக்கிறாள். அவர் கடைசி வரைக்கும் திரும்பியே பார்க்கவில்லை. வேலை முடிந்ததும், "மேடம், நீங்க கதவைச் சாத்தினாத்தான் குளிரும்" என்றாராம். அதற்குப் பிறகு குளிர் அறை அடிக்கடி பழுதானது. ஹூம் வாயே திறக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்து, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, "ஹூம்" என்றார். கல்யாணமான பிறகும் மாப்பிள்ளை அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார். இன்றும் அப்படித்தான்.

பத்து வருடத்துக்கு மேல் அவள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு செல்லின் மேல் தலைமுடியைவிட மெல்லிய கரி இழையை வைப்பார்கள். செல்லை உசுப்பினால் உள்ளே இருக்கும் பைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒரு பை திறந்தால் திரையில் ஊசி மாதிரி ஒரு கோடு எழும்பும். மழைத்தூறல் மாதிரி கோடுகள் விழுந்துகொண்டே இருக்கும். அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். முதல் பத்து கோடு வரைக்கும் அதிசயமாக இருந்தது.

செல்லுக்குள் இருந்த புரதங்களைப் பிரித்து, வரிசையாக எண் போட்டு வைத்திருந்தாள். அதில் முப்பத்தொன்பதாம் புரதத்தை முடக்கிவிட்டால் தூறல் சட்டென்று நின்றுபோவதைப் பார்த்தாள். பைகள் ஓரம் வரைக்கும் வருகின்றன, வந்து நிற்கின்றன, திறப்பதில்லை. மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். முப்பத்தொன்பதுதான் கதவைத் திறக்கிறவன் என்று முடிவுகட்டிப் பெரிய சஞ்சிகையில் கட்டுரை எழுதினாள். இரண்டாவதாக இன்னொரு கட்டுரையும் வந்தது. வெளிநாட்டுக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அவளுக்கு 'முப்பத்தொன்பது அம்மா' என்று பெயரே வந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். "வயசச் சொல்றாங்களா?" என்று மாமியார் கேட்டார்.

கடல் தாண்டி ஒரு ஆய்வகத்திலிருந்து மட்டும் கடிதம் வந்தது. நாங்களும் முப்பத்தொன்பதை முடக்கிப் பார்த்தோம், எங்களிடம் பைகள் வழக்கம்போலத் திறக்கின்றன, எங்கே தவறு செய்கிறோம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். செல்லைப் பிரித்தெடுக்கும்போது பக்குவம் போதவில்லை, கவனமாகச் செய்யுங்கள் என்று இவளும் மரியாதையாகப் பதில் போட்டாள். "அவங்களுக்குக் கை சரியில்ல அண்ணி" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அந்த ஆட்களைத் தெரியாது. அதனால் நம்பினேன்.

ஹூம் ஓய்வு பெறப்போகிற வருடம் வந்தது. துறைத் தலைவர் பதவிக்கு இவள் பெயரும், எதிர் அறையில் இருந்த ஒருவர் பெயரும் அடிபட்டன. இவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர் அறைக்காரருக்கே தெரியும். முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இறைச்சிக் கூடத்தின் சாக்கடை இடிந்தது. பழுதுபார்க்க மூடிவிட்டார்கள். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருந்த இன்னொரு கூடத்திலிருந்து சுரப்பி வாங்க ஆரம்பித்தாள். அங்கே எல்லாம் துப்புரவு, பளபளப்பு. பிளாஸ்கைக்கூட அவர்களே துடைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சுரப்பியிலிருந்து செல்லைப் பிரித்தாள், முப்பத்தொன்பதை முடக்கினாள், திரையைப் பார்த்தாள். கோடுகள் கொட்டிக்கொண்டே இருந்தன. எதுவும் நிற்கவில்லை.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் மாணவனைச் சந்தேகப்பட்டாள். பிறகு தண்ணீரை. பிறகு உப்புக் கரைசலை. கரி இழையை மாற்றினாள். புரதத்தை முடக்குகிற மருந்தைப் புதிதாக வரவழைத்தாள். கடைசியில் பழி மாப்பிள்ளை தலையில் விழுந்தது.

"நீங்க ஃப்ரீசர்ல என்னமோ பண்ணியிருக்கீங்க."

"மேடம், நான் அந்தப் பக்கம் வந்தே ஒரு மாசமாச்சு."

"அதான். ஏன் வரல?"

சாக்கடை சரியாகிப் பழைய கூடம் திறந்தது. மேஸ்திரி கொடுத்த சுரப்பியில் முப்பத்தொன்பதை முடக்கினாள். தூறல் நின்றது. அப்பாடா என்று நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடு அவள் விட்டிருக்கலாம். நேர்காணலுக்குத் தேதி குறித்தாயிற்று. பழைய கூடத்துச் சரக்கு நல்ல சரக்கு, புதிய கூடத்துச் சரக்கு சொத்தை என்று பூசி மெழுகியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் கடல் தாண்டிய ஆய்வகத்துக்காரர்கள் சொன்னதும் புதிய கூடத்துச் செல்கள் சொன்னதும் ஒன்றாக இருந்தது அவளுக்கு உறுத்தியது. சாப்பிடும்போதுகூட முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு காலையில், சுரப்பியை வாங்கிக்கொண்டு திரும்பாமல், பழைய கூடத்தின் பின்கட்டில் ஒரு ஓரமாக நின்று என்னதான் நடக்கிறது என்று பார்த்திருக்கிறாள். அவள் இத்தனை வருடமும் முன்வாசலில் நின்று வாங்கியதுதான். பின்பக்கம் போனதே இல்லை. அங்கே லாரியிலிருந்து மாடுகளை இறக்கி, ஒரு குறுகலான முற்றத்தில் நெருக்கி அடைத்திருந்தார்கள். சத்தம், தள்ளுமுள்ளு. ஒவ்வொரு மாடும் உள்ளே போனதும் இரும்பு ஷட்டரை யாரோ மேலிருந்து விட்டுவிடுவார்கள். அது விழுகிற ஓசைக்கு முற்றம் முழுவதும் ஒரு குலுங்கு குலுங்கும்.

ஷட்டர் அவளுக்குப் பின்னால் விழுந்தபோது அவள் பிளாஸ்கைக் கீழே போட்டுவிட்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. கை ஜில்லென்று ஆகிவிட்டது. வாய் வறண்டது. அப்படியே நின்றாளாம். மேஸ்திரி ஓடிவந்தார்.

"டாக்டரம்மா, பயந்துட்டீங்களா?"

"ஆமாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் பயந்துட்டோம்" என்றாளாம். மேஸ்திரி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்காமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

அவளுக்குத் தட்டியது இதுதான். இங்கே வருகிற மாடு காலையிலிருந்து பயந்து பயந்து, சுரப்பியில் சேர்த்து வைத்த பழைய பைகளையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அவள் கைக்கு வரும்போது அந்தச் செல்களில் மிச்சம் இருப்பது அப்போதுதான் தயாரான புதுப் பைகள் மட்டும். புதிய கூடத்தில் மாடுகளை முந்தின நாளே கொண்டுவந்து, தண்ணீர் காட்டி, அமைதியாகக் கட்டிவைத்து, ஒவ்வொன்றாக நடத்திப் போகிறார்கள். அந்தச் செல்களில் பழைய பைகள் நிறைய இருக்கும். அப்படியானால் முப்பத்தொன்பது கதவைத் திறக்கிறவனே இல்லை. புதுப் பையைத் திறக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவருகிறவன். ஏற்கெனவே பக்குவமான பைக்கு அவன் தயவு தேவையில்லை.

பத்து வருடமாக அவள் கதவைத்தான் அளந்துகொண்டிருந்ததாக நினைத்தாள். மாட்டுக்கு வந்த பயத்தையும் சேர்த்து அளந்திருக்கிறாள்.

நினைத்தால் மட்டும் போதாதே, நிரூபிக்க வேண்டும். பழைய கூடத்திலேயே சில மாடுகளை மட்டும் தனியாகப் பிரித்து, ஒரு நாள் முழுக்க அமைதியாக வைத்திருக்க முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"மாட்டுக்கு லாட்ஜ் போடணுங்கிறீங்க."

"தண்ணி, வைக்கோல், கொஞ்சம் நிழல். அந்த ஷட்டர் சத்தம் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"எனக்கே அது கிடைக்கல டாக்டரம்மா" என்றார். ஆனால் பழைய தோல் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார்.

எந்தச் சுரப்பி தூங்கிய மாட்டினுடையது, எது பயந்த மாட்டினுடையது என்று அளக்கிற ஆளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஆகவே சுரப்பி வாங்கி வரும் வேலையை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தாள். அவர் ஒரு பிளாஸ்கில் நீல டேப்பும் இன்னொன்றில் சிவப்பு டேப்பும் ஒட்டிக் கொண்டுவருவார். எந்த நிறம் எந்த மாடு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லக் கூடாது என்று அவளே கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள்.

மாப்பிள்ளை வாயைக் கட்டுவதில் அளவு தெரியாத மனிதர். மாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்றதும், பேச்சு எங்கே போய் எங்கே முடியுமோ என்று பயந்து, எதைப் பற்றியுமே பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றாலும் சொல்வதில்லை. அவள் அறைக்குள் வந்தால் இவர் பால்கனிக்குப் போய்விடுவார். நீலச் சட்டை, சிவப்புச் சட்டை இரண்டையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில் நானும் மாமியாரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாசலில் மாப்பிள்ளை எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளே இவள் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மாமியார் அதைக் கவனித்துவிட்டார். சமையலறையில் என்னை ஓரங்கட்டினார்.

"ரெண்டு பேருக்கும் ஏதோ ஆயிடுச்சு. நீ கேளு."

"நீங்களே கேளுங்க அத்தை. நீங்கதான் பெத்தவங்க."

மாமியார் நேரே பால்கனிக்குப் போனார். "மாப்பிள்ளை, என் பொண்ணு வாய்த்துடுக்குதான். இல்லேன்னு சொல்லல. என்ன பண்ணா, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல அத்தை."

"பின்ன ஏன் அவளோட பேசமாட்டேங்கிறீங்க?"

"பேசக் கூடாதுன்னு மேடம்தான் சொல்லியிருக்காங்க."

மாமியார் உள்ளே வந்து மகளைப் பார்த்தார். "கட்டின புருஷனைப் பேசக் கூடாதுன்னு சொன்னியா?"

"மாட்டைப் பத்தித்தான் பேசக் கூடாதுன்னேன்!"

"எந்த மாட்டை?"

அதற்கு மேல் விளக்காமல் முடியவில்லை. மாமியார் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "எனக்கு மட்டும் சொல்லுங்க, எது நீலம்?" என்றார். மாப்பிள்ளை மறுபடி பால்கனிக்கு எழுந்து போனார்.

அளவெடுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூப்பிட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். நீல பிளாஸ்குச் செல்களில் முப்பத்தொன்பதை முடக்கினாலும் பைகள் திறக்கின்றன. சிவப்பில் நின்றுவிடுகின்றன. சந்தேகத்துக்கே இடமில்லாத வித்தியாசம். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். ரொம்ப நாள் பேசாத தொண்டை. "நீலம் தூங்கின மாடு. சிவப்பு ஷட்டர் மாடு."

அவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். அவளுடைய புது யோசனை சரி என்று அர்த்தம். பத்து வருடமாக எழுதியதெல்லாம் தப்பு என்றும் அர்த்தம். அவள் அழுவாள் என்று நான் கைக்குட்டையைத் தேடினேன். அவள், "பசிக்குது" என்றாள். நன்றாகச் சாப்பிட்டாள். மாப்பிள்ளை அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினார். மாடி வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி விவகாரத்திலிருந்து ஆரம்பித்து, சாயங்காலம் வரைக்கும் ஓயவில்லை.

நேர்காணல் அடுத்த வாரம். என் கணவர் ஒரு யோசனை சொன்னார். "திருத்தம் போடு, வேண்டாங்கல. நேர்காணல் முடியட்டும். பத்து வருஷம் இருந்த தப்பு, இன்னும் பத்து நாள் இருந்தா கெட்டுப்போயிடாது."

"அண்ணா, கேள்வி கேக்கறவங்க முப்பத்தொன்பதைப் பத்தித்தான் கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"அதான் சொல்றேன். கேப்பாங்க."

சஞ்சிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினாள். இரண்டு கட்டுரைகளிலும் கதவைத் திறப்பதாகச் சொன்ன முடிவு தவறு என்று நேரடியாகவே எழுதினாள். கடல் தாண்டிய ஆய்வகத்துக்குத் தனியாக எழுதினாள். உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் மாடுகள் நிம்மதியாக இருந்திருக்கின்றன, மன்னிக்கவும் என்று. நேர்காணலில் அவளே முதலில் அதைச் சொன்னாள். குழுவில் இருந்தவர்கள் அவளுடைய நேர்மையைப் பாராட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே பாராட்டினாராம். பிறகு பதவியை எதிர் அறைக்காரருக்குக் கொடுத்தார்கள். அவர் வந்து அவளுக்கு ஆறுதல் சொன்னார். வந்த வாரமே தலைவர் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டார்.

ஹூம் ஓய்வு பெற்றுப் போகும்போது அவளுடைய அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "நானும் அந்தப் பின்கட்டுக்குப் போனதில்லை" என்றார். எழுந்து போய்விட்டார். அவள் என்னிடம் இதைச் சொல்லும்போதுதான் கண் கலங்கியது. பதவி போனதற்குக் கலங்கவில்லை.

அடுத்த இரண்டு மூன்று வருடம் நன்றாக இல்லை. மாணவர்கள் மெல்ல எதிர் அறைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். நிதி கேட்டு எழுதினால், இந்தப் புதிய கருத்துக்கும் இன்னும் பத்து வருடம் கழித்துத் திருத்தம் வருமா என்று ஒரு புண்ணியவான் குறிப்பு எழுதியிருந்தார். கூட்டங்களுக்குக் கூப்பிடுவது நின்றது. காலையில் எழுந்து, வேலைக்குப் போக வேண்டுமா என்று கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பாளாம். மாப்பிள்ளை அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குக் கிளம்புவார். போய்த்தான் ஆக வேண்டும்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். மாட்டைப் பயமுறுத்தத் தேவையே இல்லை. நிம்மதியான மாட்டின் செல்லை எடுத்து, கிண்ணத்திலேயே கொஞ்சம் நிகோடினைத் தெளித்தால் பழைய பைகள் கொட்டித் தீர்ந்துவிடும். காத்திருந்தால் புதுப் பைகள் வரும். அப்போது முப்பத்தொன்பதை முடக்கிப் பார்க்கலாம்.

"நிகோடின்னா, சிகரெட்டுல இருக்கிறதா?" என்று மாமியார் கேட்டார்.

"ஆமாம்மா."

"அந்த வாயில்லாத செல்லுக்கு அந்தப் பழக்கம் வேறயா?"

கிண்ணத்திலும் அதேதான் நடந்தது. பழைய பைக்கு முப்பத்தொன்பது வேண்டாம், புதுப் பைக்கு வேண்டும். கூடவே ஒரு அதிசயம். உத்தரவு வந்தால் முதலில் முண்டியடித்துக்கொண்டு திறப்பது புதுப் பைகள்தான். பழையவை பின்னால் கிடக்கின்றன, அவசரம் வந்தால்தான் அசைகின்றன. எதிர் அறைக்காரர் தலைவரானதை வைத்து இதற்கு அவள் ஒரு விளக்கம் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

இந்தத் தடவை கட்டுரையை முதலில் கடல் தாண்டிய ஆய்வகத்துக்கு அனுப்பி, நீங்களும் செய்து பாருங்கள், சரியாக வந்தால்தான் வெளியிடுவேன் என்றாள். அவர்கள் செய்தார்கள். சரியாக வந்தது. இரண்டு ஆய்வகத்தின் பெயரும் சேர்ந்து கட்டுரை வெளிவந்தது, நடுத்தரமான ஒரு சஞ்சிகையில். ஆரவாரம் எதுவும் இல்லை. ஆனால் புதுப் பை எப்படிப் பக்குவமாகிறது என்று ஆராய்கிறவர்கள் இப்போது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள் என்று அவளுடைய மாணவி என்னிடம் சொன்னாள். நாத்தனார் தன் வாயால் இதையெல்லாம் சொல்லமாட்டாள்.

போன வருடம், அவள் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், நிலையத்தில் அவளுக்காக ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்தார்கள். மாமியார் அதற்குச் சில வருடம் முன்பே கண்ணை மூடிவிட்டார். நானும் என் கணவரும் மாப்பிள்ளையும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். தலைவர் அவளை அறிமுகப்படுத்திப் புகழ்ந்து தள்ளினார். அவள் பேசினாள். நான் தட்டச்சு செய்த காலத்து வார்த்தைகள் இரண்டு மூன்று காதில் விழுந்தன. மற்றதெல்லாம் புதிது.

கேள்வி நேரத்தில் வேறு ஊர் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தார். எங்கள் வயதுக்காரிதான். சுற்றி வளைக்கவில்லை. "முப்பத்தொன்பது பையைப் பக்குவப்படுத்துறதா நீங்க சொல்றீங்க. எங்க கிட்ட அது பையோட சேர்றதே இல்ல. ரொம்பத் தள்ளி, பை நகர்ற பாதையில உக்காந்திருக்கு. நீங்க மறுபடியும் தப்பான இடத்தைப் பாக்குறீங்களோன்னு தோணுது."

அரங்கில் யாரோ இருமினார்கள். தலைவர் மைக்கை வாங்க எழுந்தார். மாப்பிள்ளை என் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"படம் இருக்கா?" என்று கேட்டாள் என் நாத்தனார்.

"என் கைப்பையில இருக்கு."

"நகர்ற படமா, நிக்கிற படமா?"

"நகர்றது."

"முடிஞ்சதும் போயிடாதீங்க" என்றாள்.

மாலை அணிவித்தார்கள், நினைவுப் பரிசு கொடுத்தார்கள். பிறகு விருந்து. எங்களை உட்கார வைத்தார்கள். அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. தலைவர் அந்த நாற்காலியைப் பார்த்து இன்னொரு சிறு உரை ஆற்றினார். நாங்கள் கைதட்டினோம். பாயசம் வருகிற நேரத்தில் என் போன் அடித்தது.

"அண்ணி, எனக்காகக் காத்திருக்காதீங்க. நீங்க சாப்பிட்டுக் கிளம்புங்க."

"எங்கடி இருக்க? எல்லாரும் தேடுறாங்க."

"ஆய்வகத்துலதான். அந்த அம்மா கொண்டுவந்த படத்தைப் பாத்துக்கிட்டிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தினாள். பின்னணியில் இன்னொரு குரல், "இதோ, இங்க பாருங்க" என்றது. "அவங்க சொல்றதுல விஷயம் இருக்கும்போல."

"அப்ப நீ சொன்னது?"

"தெரியல. பாக்கணும்."

போனை வைத்துவிட்டாள். விஷயத்தை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டித் தரச் சொல்லி, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆய்வகத்தின் பக்கம் நடந்தார்.